மனிதவளப் படிப்புக்கு மாலை வகுப்பே தகுந்த இடம்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. இவை யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் வாதிட்டுவருகின்றன. தேவையான விவாதம்தான். ஆனால், சட்டத்துக்கும் தொழிலாளருக்கும் நடுவே நிற்கும் ஒருவரைப் பற்றி இந்த விவாதத்தில் பேச்சே இல்லை. ஊதியச் சீட்டைத் தயாரிப்பவர், நியமனக் கடிதம் கொடுப்பவர், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புபவர், புகார் வந்தால் முதலில் கேட்பவர் எல்லாம் அவர்தான். நாம் ‘ஹெச்.ஆர்.’ என்று அழைக்கும் மனிதவள அலுவலர்.

தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகளில் இந்த வேலையைச் செய்யும் பலர், படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் அல்லர். வேலைக்கு வந்த பிறகு படித்தவர்கள். ஏதோ ஒரு பட்டத்தோடு டைம் ஆபீஸில் உதவியாளராகச் சேர்ந்திருப்பார்கள். வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு என்று சில ஆண்டுகள் கழிந்திருக்கும். பிறகு, அஞ்சல்வழியிலோ மாலை நேரத்திலோ எம்.பி.ஏ. அல்லது முதுநிலைப் பட்டயம் ஒன்றில் சேர்ந்திருப்பார்கள். நேரடி வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்து, வளாக நேர்காணலில் தேர்வாகி வருபவரோடு ஒப்பிட்டு இவர்களை ஒரு படி குறைவாக மதிப்பதே நம் வழக்கம். இந்த வழக்கம் தவறு. மனிதவள மேலாண்மையைப் பொறுத்தவரை, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்தான் அந்தப் படிப்புக்கு மிகத் தகுந்த மாணவர். அவருக்கேற்ற படிப்பைத்தான் நாம் இன்னும் போதிய அளவில் உருவாக்கவில்லை.

நலனில் தொடங்கிய துறை

இந்தத் துறையின் வேர் லாபக் கணக்கில் இல்லை. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த, விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், இந்திய ஆலைகளில் மேஸ்திரிகளின் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்பதைப் பதிவுசெய்தது. ஆளை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் அவர்கள் கையில் இருந்தன. வேலை பெறவும் வேலையைத் தக்கவைக்கவும் தொழிலாளர் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, தொழிலாளருக்கெனத் தனி அலுவலரை நியமிக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருப்பதைக் கட்டாயமாக்கியது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த வரம்பை 250ஆகக் குறைத்திருக்கிறது.

இந்த அலுவலர்களை உருவாக்கியவை தொடக்கத்தில் சமூகப் பணிக் கல்லூரிகளே. மும்பையில் 1936இல் தொடங்கப்பட்ட டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் சென்னையில் உருவான சமூகப் பணிக் கல்லூரியும் அவற்றுள் முன்னோடிகள். ஆலைத் தொழிலாளியின் குடியிருப்புக்குச் சென்று பார்ப்பதும், கடன், குடி, நோய், குழந்தைகளின் படிப்பு ஆகியவற்றை அறிவதும் அந்தப் பயிற்சியின் பகுதியாக இருந்தன. பின்னாளில் இந்தப் படிப்பின் பெரும்பகுதி வணிக மேலாண்மைத் துறைகளுக்கு இடம்பெயர்ந்தது. ஆளெடுப்பு, திறன் மதிப்பீடு, ஊக்கத்தொகை வடிவமைப்பு ஆகியவற்றில் அது வளர்ந்தது. தொழிலாளரின் வாழ்க்கையிலிருந்து விலகியது. அந்த விலகலைச் சரிசெய்யும் வாய்ப்பு, அன்றாடம் ஆலைக்குள் சென்றுவரும் பகுதிநேர மாணவரிடம்தான் அதிகம் இருக்கிறது.

வேலையே பாடநூல்

ஓர் எடுத்துக்காட்டு. ஊதியம் என்றால் என்ன என்பதற்குப் புதிய தொகுப்புகள் ஒரே வரையறையைத் தருகின்றன. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். தேர்விலும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இது முடிந்துவிடும்.

ஊதியச் சீட்டு தயாரிக்கும் ஒருவர் இதே வரியைப் படிக்கும்போது நடப்பது வேறு. மாதம் 30,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000, விலக்கப்பட்ட படிகள் 18,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 15,000, தாண்டியது 3,000. எனவே, ஊதியம் 15,000 என்று கணக்காகும். பத்து ஆண்டுகள் வேலைபார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற பணிக்கொடைச் சூத்திரப்படி முன்பு ஏறத்தாழ 69,230 ரூபாய் கிடைத்திருக்கும். இப்போது 86,538 ரூபாய். அதே நேரத்தில், 12 விழுக்காடு பி.எஃப். பிடித்தம் 1,440இலிருந்து 1,800 ரூபாயாக உயரும். மாதாமாதம் கைக்கு வருவது 360 ரூபாய் குறையும். “சட்டம் வந்து சம்பளத்தைக் குறைத்துவிட்டது” என்று தொழிலாளி கோபத்தோடு வந்து நிற்பார். அவரை உட்காரவைத்து, இந்த 360 ரூபாய் எங்கே போகிறது, நிறுவனம் அதற்கு ஈடாக எவ்வளவு போடுகிறது, ஓய்வுபெறும்போது என்ன கிடைக்கும் என்று அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். சட்டம், கணக்கு, மனித உறவு மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இது. சீட்டைத் தயாரித்தவருக்கும் கோபத்தை நேரில் பார்த்தவருக்கும் மட்டுமே இந்தப் பாடம் முழுமையாகப் புரியும்.

உள்விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பதில் தர அவகாசம் கொடுக்க வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்க வேண்டும், புகார் சொன்னவரே நீதிபதியாக இருக்கக் கூடாது. இயற்கை நீதியின் இந்தக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால், மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு செய்த ஒருவரை “இன்றைக்கே வெளியே அனுப்பு” என்று ஆலை மேலாளர் சொல்லும்போது, “சார், விசாரணை இல்லாமல் முடியாது” என்று நிதானமாகச் சொல்வதற்குச் சட்ட அறிவு மட்டும் போதாது. அதே வாரத்தில் வகுப்புக்குச் சென்று, அனுபவமுள்ள ஆசிரியரிடமும், வேறு ஆலைகளிலிருந்து வந்த சக மாணவர்களிடமும் அந்தச் சிக்கலைப் பேசி, துணிவோடு திரும்பும் வாய்ப்பு வேண்டும். அது முழுநேர மாணவருக்குக் கிடைப்பதில்லை.

கதவைத் திறந்தவர்கள் நிறுத்திய இடம்

வேலையில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வேலைக்குப் போனவர்கள், திருமணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்த பெண்கள், ஷிப்ட் மாற்றி மாற்றி உழைத்தவர்கள் எனப் பெரும் கூட்டத்துக்கு முதுநிலைப் பட்டத்தைக் கைக்கெட்டச் செய்தவை இவை. முறையாக அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டமும் நேரடி வகுப்புப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியதும் இந்த மாணவர்களுக்குக் கிடைத்த நியாயமே.

ஆனால், கதவைத் திறந்ததோடு வேலை முடிந்ததாக நாம் நினைத்துவிட்டோம். பாடப் புத்தகக் கட்டு, சில நாள் தொடர்பு வகுப்பு, ஆண்டு முடிவில் எழுத்துத் தேர்வு என்ற வார்ப்பு வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் ஓரளவு பொருந்தலாம். பேச்சுவார்த்தையும் விசாரணையும் ஆறுதல் சொல்லலும் அன்றாட வேலையாக இருக்கும் ஒரு துறைக்கு அது போதாது. மாஸ்லோவின் தேவைப் படிநிலை, ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிகள், மெக்ரிகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள் ஆகியவற்றைப் படித்து எழுதிவிட்டுப் பதவி உயர்வுக்குச் சான்றிதழைச் சமர்ப்பிக்கிறார் மாணவர். அவரிடமிருந்த ஆலை அனுபவத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இது அவருடைய குற்றம் அல்ல. படிப்பை வடிவமைத்தவர்களின் குறை.

ஒரு மாற்று வழி நம் கையிலேயே இருக்கிறது. மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் சென்னையில் இயங்கும் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களோடு, தொழிலாளர் நிர்வாகத்தில் மாலை நேர முதுநிலைப் பட்டயமும், தொழிலாளர் சட்டங்களில் வார இறுதிப் பட்டயமும் நடத்திவருகிறது. வேலையில் இருப்பவர் நேரில் வந்து படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அமைந்த படிப்புகள் இவை. சென்னையில் வசிப்பவருக்கு இது வரம். ஓசூரிலோ திருப்பூரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் மாலை வகுப்புக்குச் சென்னை வர முடியுமா?

சட்டம் விட்டுப்போகும் இடம்

இந்தக் குறையை உடனே சரிசெய்ய வேண்டிய அவசரம் ஏன் என்பதைப் புதிய தொகுப்புகளே சொல்கின்றன. நிலையாணைகள், அதாவது ஓர் ஆலையின் ஒழுங்கு விதிகளும் பணி நிபந்தனைகளும், முறையாகச் சான்றளிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் பழைய மத்தியச் சட்டத்தில் 100 தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே இருந்தது. தொழில் உறவுத் தொகுப்பு அந்த வரம்பை 300ஆக உயர்த்திவிட்டது. 200 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் எது குற்றம், எதற்கு என்ன தண்டனை, விசாரணை எப்படி நடக்கும் என்பவை இனி பெருமளவு நிர்வாகத்தின் நியாய உணர்வைச் சார்ந்தவை. நிர்வாகத்தின் நியாய உணர்வு என்பது நடைமுறையில் அந்த மனிதவள அலுவலரின் படிப்பும் மனசாட்சியும்தான்.

மறுபுறம், புதிய கடமைகளும் வந்திருக்கின்றன. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர் குழு வேண்டும். அது 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலையிலிருந்து விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படுபவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை கணக்கிட வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே உள்ளகக் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் முன்பே சொல்லியிருக்கிறது. 20, 30 பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் இதற்கெல்லாம் தனி மனிதவளத் துறை ஏது? கணக்காளரோ அலுவலக மேலாளரோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் படிக்கப் போகமாட்டார். பகுதிநேரப் படிப்பு ஒன்றுதான் அவரை எட்டும்.

குறைகளைக் கேட்கும் வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைச் சுங்குவார்சத்திரம் வட்டாரம் நமக்கு இரண்டு முறை காட்டியது. 2021 டிசம்பரில், ஒரு பெரிய ஆலையின் விடுதி உணவால் உடல்நலம் கெட்ட பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். 2024 செப்டம்பரில், சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி அதே வட்டாரத்தின் இன்னொரு பெரிய ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. உணவும் சங்கமும் நெடுஞ்சாலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய பிரச்சினைகளே அல்ல. விடுதிக்குச் சென்று சாப்பிட்டுப் பார்க்கும் அலுவலரும், சங்கம் அமைப்பது அரசமைப்பு தந்த உரிமை என்பதை நிர்வாகத்துக்கு எடுத்துச்சொல்லும் அலுவலரும் அங்கேயே தீர்த்துவைக்கக்கூடியவை.

சங்கத்தின் வரலாறும் நம் மண்ணிலேயே இருக்கிறது. சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் 1920களில் நடந்த ஆய்வுகளைப் படிக்கும் மாணவர், அதே காலத்துப் பெரம்பூரையும் படிக்க வேண்டும். பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத்தின் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடை வாங்கியது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பதை அந்த வழக்கு நாடறியச் செய்தது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க அது முக்கியக் காரணம். இதை அறிந்த அலுவலர், சங்கக் கொடியைக் கண்டதும் பதற்றம் அடையமாட்டார்.

மூன்று ஆட்சேபங்கள்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் சம்பளம் தரும் நிர்வாகத்தின் கண்ணால்தானே எல்லாவற்றையும் பார்ப்பார் என்று கேட்கலாம். உண்மையான கவலை இது. அதனால்தான் வகுப்பு முக்கியமாகிறது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர், தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர் மூவரும் ஆசிரியராக வரும் வகுப்பில், தன் நிர்வாகத்தின் குரலை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு எதிர்த்தரப்பின் நியாயமும் கேட்கும். முழுநேரப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குச் செல்பவரும் முதல் மாதச் சம்பளத்திலிருந்து அதே நிர்வாகத்தின் கண்ணால்தான் பார்க்கத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு வகுப்பின் துணை இருக்காது.

இரண்டாவது, ரகசியம். தன் ஆலையைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர், தன்னை நம்பித் தொழிலாளர்கள் சொன்னதை வெளியிட நேரலாம். நிர்வாகத்தின் கோபத்துக்கும் ஆளாகலாம். எனவே, பெயர், துறை, தேதி எல்லாவற்றையும் மறைத்தே எழுத வேண்டும் என்ற விதி வேண்டும். சிக்கலான பொருள் என்றால், இரண்டு மாணவர்கள் தத்தம் நிறுவனத்தைப் பரிமாறிக்கொண்டு ஆய்வு செய்யலாம். ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். அதைப் படிக்கும்போதே பழகுவது நல்லது.

மூன்றாவது, எல்லாமே இணையத்தில் வந்துவிட்ட காலத்தில் நேரில் ஏன் வர வேண்டும் என்ற கேள்வி. சட்டப் பிரிவுகள், கணக்கீடு, புள்ளியியல் ஆகியவற்றை இரவு ஷிப்ட் முடிந்து வந்து கைப்பேசியில் தாராளமாகப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால், ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் எதிரே இருப்பவரின் மௌனத்தைப் புரிந்துகொள்வதையும், துன்புறுத்தலுக்கு ஆளான பெண்ணிடம் மேலும் காயப்படுத்தாமல் கேள்வி கேட்பதையும் ஆட்களோடு அமர்ந்தே பழக முடியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அதற்காக ஒதுக்கப்பட வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, சென்னையில் நடக்கும் மாலை, வார இறுதிப் பட்டயங்களைத் தமிழ்நாடு அரசு தொழில் நகரங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓசூர், கோவை, திருப்பூர், திருப்பெரும்புதூர், தூத்துக்குடியில் புதிய கட்டிடம் தேவையில்லை. அங்குள்ள அரசுக் கல்லூரிகளின் வகுப்பறைகள் மாலையில் காலியாகத்தான் இருக்கின்றன.

இரண்டாவதாக, மதிப்பெண்ணில் பாதியாவது மாணவர் தன் பணியிடத்திலிருந்து கொண்டுவரும் வேலைக்கு இருக்க வேண்டும்: பெயர் நீக்கப்பட்ட ஒரு விசாரணைக் கோப்பு, ஓர் ஊதிய மறுகணக்கீடு, குறைதீர் குழுவின் ஆறு மாதச் செயல்பாட்டு அறிக்கை. தொழிலாளர் நீதிமன்றத்தில் சில அமர்வுகளையேனும் உட்கார்ந்து கவனிப்பது கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவதாக, தமிழில் கற்கவும் எழுதவும் வழி வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணையை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதத் தெரிந்தவர், அதைப் பெறும் தொழிலாளிக்கு நியாயம் செய்ய முடியாது. பீகார், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்து உழைப்பவர்கள் பெருகியுள்ள ஆலைகளில் பணிபுரிவோருக்கு, அடிப்படை இந்தியோ வங்கமோ ஒரு விருப்பப் பாடமாக இருக்கட்டும். எந்தத் தொழிலாளியிடம் பேசுகிறோமோ அவருடைய மொழியில் பேசுவதே இந்த வேலை.

நான்காவதாக, நிறுவனங்கள் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். தேர்வு நாட்களில் ஊதியத்தோடு விடுப்பு, வகுப்பு நாட்களில் இரவு ஷிப்ட் விலக்கு, கட்டணத்தில் ஒரு பகுதி. ஒரு தொழிலாளர் தகராறு ஒரு நாள் நீடித்தால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. குடும்பப் பொறுப்போடு படிக்கும் பெண்களுக்கு இந்தச் சலுகைகள் இல்லாவிட்டால், வகுப்பு இருந்தும் பயனில்லை. பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் மின்னணு, பின்னலாடை ஆலைகளுக்குப் பெண் மனிதவள அலுவலர்கள் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, சிறு நிறுவன ஊழியர்களுக்கான வழி. முழுப் பட்டமும் படிக்க முடியாதவர் ஊதியச் சட்டம், குறைதீர்ப்பு, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு என்று ஒவ்வொரு தாளாகப் படித்து, மதிப்பலகுகளைச் சேர்த்துவைத்து, நான்கைந்து ஆண்டுகளில் முதுநிலைப் பட்டயமாக மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட கல்வி மதிப்பலகு வங்கி இதற்கான கட்டமைப்பைத் தருகிறது. பல்கலைக்கழகங்கள் மனம் வைத்தால் போதும்.

தொழில் முதலீட்டு மாநாடுகளில் எத்தனை கோடி வந்தது, எத்தனை பேருக்கு வேலை என்ற எண்களை நாம் பெருமையோடு அறிவிக்கிறோம். அந்த வேலைகள் கண்ணியமானவையாக இருக்குமா என்பதை ஆலைக்குள் அன்றாடம் தீர்மானிக்கப்போகிறவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறக்கும் இந்த மாணவர்கள். நில ஒதுக்கீட்டுக்கும் மின் இணைப்புக்கும் தரும் முன்னுரிமையை இவர்களுடைய வகுப்பறைக்கும் அரசு தர வேண்டும். புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்ட பிறகு, வரும் கல்வியாண்டைத் தாண்டி இதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.